வெந்தயமா, இசப்கோலா, சுண்டலா?

எங்கள் வீட்டு அடுப்படி மேடையில் மூன்று டப்பாக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒன்று அம்மாவின் வெந்தயம். இன்னொன்று நான் மருந்துக் கடையில் வாங்கிய இசப்கோல். மூன்றாவது, தம்பி ஆன்லைனில் வரவழைத்த கொன்ஜாக் கிழங்குப் பொடி. மூன்றும் நார்ச்சத்து, மூன்றும் "சுகருக்கு நல்லது" என்ற பட்டத்தோடு வீட்டுக்குள் வந்தவை.

போன தை மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் என் ஹெச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 6.1 சதவீதம். 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்கிறார்கள். அதாவது சர்க்கரை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று எட்டிப் பார்க்கிறது. அம்மாவுக்கு அது பதினோரு வருஷமாகக் குடித்தனம் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு குளுக்கோமீட்டராவது இருக்கும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஐ.சி.எம்.ஆர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் என்னைப் போல வாசல்படியில் நிற்கிறவர்கள்.

சரி, மூன்று டப்பாவில் எதைத் திறப்பது? இல்லை, மூன்றையும் மூடிவிட்டு வேறு ஏதாவது செய்யலாமா? சில மாதங்களாகப் படித்தும், விரலைக் குத்திப் பார்த்தும் நான் வந்து சேர்ந்த இடத்தைச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, கணக்கு எழுதுகிறவள். அதனால் எதையும் அளவு போட்டுப் பார்க்கிற புத்தி மட்டும் உண்டு.

முதலில் நார் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். வாழை இலையில் ரசத்தை ஊற்றினால் நாம் சோற்றைக் குழி பறிப்பதற்குள் ஓடிவிடும். கூழை ஊற்றினால் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். குடலிலும் இதே கதைதான். சில நார்கள் தண்ணீரை உறிஞ்சி கொழகொழவென்று ஆகும். சோற்றிலிருந்து பிரிந்த குளுக்கோஸ் அந்தக் கொழகொழப்பைத் தாண்டிக் குடல் சுவரைத் தொட நேரமாகிறது. இரைப்பை காலியாவதும் மெதுவாகிறது. மொத்தச் சர்க்கரையும் கடைசியில் உள்ளே போகத்தான் போகிறது. ஆனால் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டம் மாதிரி ஒரேயடியாக நெருக்காமல், ஒவ்வொருவராக வரிசையில் போகிறது.

இதைச் சோதித்துக் காட்டியவர் டேவிட் ஜென்கின்ஸ் என்ற ஊட்டச்சத்து ஆராய்ச்சியாளர். பிற்பாடு, 1981-ல், எந்த உணவு சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று சொல்லும் கிளைசெமிக் இண்டெக்ஸ் என்ற அளவுகோலைக் கொண்டுவந்தவரும் இவர்தான். 1978-ல் அவரது குழு பல வகை நார்களைக் குளுக்கோஸோடு கலந்து கொடுத்துப் பார்த்தது. எது அதிகக் கெட்டியாகக் கொழகொழத்ததோ அதுவே சர்க்கரை ஏற்றத்தை அதிகம் தணித்தது. முதலிடம் கொத்தவரை விதைப் பிசினுக்கு. அதே பிசினைக் கொழகொழப்புப் போகும்படி உடைத்துக் கொடுத்தபோது பலனும் போய்விட்டது. ஆக, வேலை செய்தது நார் என்ற பெயர் இல்லை, அதன் கொழகொழப்பு.

இதைப் படித்ததும் கொத்தவரங்காய் பருப்பு உசிலியை நினைத்துச் சந்தோஷப்பட்டேன். அது கொஞ்ச நேரம்தான். பிசின் இருப்பது முற்றிய விதையில். நாம் வாங்குவது பிஞ்சு. உசிலி நல்லதுதான், ஆனால் அந்த ஆய்வின் பலனை அதில் எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும். சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரையைத் தணிப்பது ஒரு வேலை. உடம்பு இன்சுலினுக்குச் செவிசாய்க்கும்படி செய்வது வேறு வேலை. முதலாவது அன்றைக்கே நடந்து அன்றைக்கே முடிகிறது. இரண்டாவதற்கு வாரங்கள், மாதங்கள் ஆகும். அதில் பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்களுக்கும் பங்குண்டு. நாம் செரிக்காமல் விடும் நாரை அவை புளிக்கவைத்து, அசிட்டேட், புரோபியோனேட், பியூட்டிரேட் என்ற சிறு அமிலங்களாக மாற்றுகின்றன. அந்த அமிலங்கள், இன்சுலின் சுரக்க உதவும் ஜிஎல்பி-1 போன்ற ஹார்மோன்களைக் குடலில் தூண்டுகின்றன. மூன்று டப்பாவும் இந்த இரண்டு வேலையையும் ஒரே மாதிரி செய்வதில்லை. என் குழப்பம் தெளிந்தது இதைப் புரிந்துகொண்ட பிறகுதான்.

வெந்தயத்திலிருந்து தொடங்குகிறேன், இல்லாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வார். "நீ படிச்சுச் சொல்றதுக்கு முன்னாடியே எங்க பாட்டி ஊறப்போட்டதுடி இது" என்பது அவர் கட்சி. கட்சியில் நியாயம் இருக்கிறது. வெந்தயத்தில் ஏறக்குறைய பாதி எடை நார்ச்சத்து. அதில் கணிசமான பங்கு காலக்டோமன்னன் என்ற கொழகொழ நார், கொத்தவரைப் பிசினின் ஒன்றுவிட்ட சகோதரி. கூடவே 4-ஹைட்ராக்ஸிஐசோலூசின் என்ற அமினோ அமிலமும் உண்டு, அது இன்சுலின் சுரப்பைத் தூண்டக்கூடியது என்று ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 1990-ல் வெளியானது. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு வெந்தயப் பொடி கொடுத்தார்கள். ஃபாஸ்டிங் சர்க்கரை இறங்கியது, சிறுநீரில் போகும் சர்க்கரை 54 சதவீதம் குறைந்தது.

இந்த இடத்தில்தான் கணக்குப் பிள்ளை புத்தி குறுக்கே வந்தது. அந்த ஆய்வில் கொடுத்தது ஒரு நாளைக்கு 100 கிராம், கொழுப்பு நீக்கிய பொடியாக, மதியச் சாப்பாட்டோடு பாதி, இரவுச் சாப்பாட்டோடு பாதி. அம்மா ஊறப்போடுவது ஒரு டீஸ்பூன், கிட்டத்தட்ட 4 கிராம். இருபத்தைந்தில் ஒரு பங்கு. அதையும் எப்படிச் சாப்பிடுகிறார்? காலையில் எழுந்ததும் அந்தத் தண்ணீரை மட்டும் வடித்துக் குடித்துவிட்டு, விதையைச் செடிக்குக் கொட்டுகிறார். நார் பெரும்பாலும் விதையோடு தங்கிவிடுகிறது. கொழகொழப்பில் கொஞ்சம் தண்ணீரில் இறங்கியிருந்தாலும், அது வயிற்றுக்குள் போகும் நேரத்தில் அங்கே தடுப்பதற்குச் சோறும் இல்லை, இட்லியும் இல்லை. எங்கள் மாடியில் கறிவேப்பிலை மட்டும் செழிப்பாக இருக்கிறது.

ஆக, குறை வெந்தயத்தில் இல்லை, நேரத்திலும் அளவிலும்தான். ஊறிய விதையை மென்று, அல்லது அரைத்து மோரில் கலந்து, சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். இரண்டு டீஸ்பூன் போட்டால் 4 கிராம் நார் சேர்ந்துவிடும். கசப்பைப் பொறுக்க முடியாதவர்களுக்கு வெந்தய தோசை இருக்கிறது. ஆனால் அதில் அரிசியும் சேர்ந்து வருகிறது என்பதை மறக்கக் கூடாது. கருப்பட்டி போட்ட வெந்தயக் களியைச் சர்க்கரைக்கு மருந்தென்று சாப்பிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. கர்ப்பிணிகள் மருந்து அளவில் வெந்தயம் எடுக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்களும், வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

இசப்கோலை நம் ஊரில் மலச்சிக்கல் சாமானாகத்தான் பார்க்கிறோம். வடக்கே விளையும் செடி, குஜராத், ராஜஸ்தான் பக்கம். அதன் விதையின் மேல்தோல்தான் இது. உலகத்துக்கே அனுப்புவது இந்தியா. கொழகொழப்பில் வெந்தயத்தைவிட ஒரு படி மேல். ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டு வாசலில் காய்கறிக்காரரிடம் பேசிவிட்டு வந்தால், டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாது. 2015-ல் 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு வந்தது. சர்க்கரை சரியாக இருப்பவர்களுக்கு இசப்கோல் பெரிதாக எதுவும் செய்யவில்லை. வாசல்படிக்காரர்களுக்குக் கொஞ்சம் பலன். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு நல்ல பலன். ஏறியிருந்தால்தான் இறக்குகிறது, தாழ இழுத்துத் தள்ளுவதில்லை. இந்தக் குணம் எனக்குப் பிடித்திருந்தது. அதை எழுதியவர்களில் இசப்கோல் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2014-ல் ஒப்புக்கொண்டது கொஞ்சம்தான். இசப்கோல் சர்க்கரை நோய் வரும் ஆபத்தைக் குறைக்கலாம், ஆனால் ஆதாரம் மிகக் குறைவு என்று சேர்த்துச் சொன்னால் மட்டுமே பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம்.

நானும் வீட்டில் ஒரு சோதனை செய்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே அளவு சோறு, அதே சாம்பார், அதே உருளைக்கிழங்குக் கறி. சாப்பிட ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்து விரலில் குத்தல். வெறுமனே சாப்பிட்ட வாரம் 172. காலையில் வெந்தயத் தண்ணீர் குடித்த வாரம் 169. சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரு மேசைக்கரண்டி இசப்கோல் குடித்த இரண்டு வாரங்களில் 149, 153. ஒரே ஆள், நாலே ஞாயிறு. மீட்டரே 15 சதவீதம் முன்னே பின்னே காட்டலாம் என்று அனுமதி இருக்கிற சாதனம். அதனால் இதை ஆய்வு என்று யாரும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். ஆனால் எண்கள் போன திசை, ஜென்கின்ஸ் சொன்ன திசைதான்.

இசப்கோலின் வில்லங்கம் இரண்டு, இரண்டிலும் நான் மாட்டியிருக்கிறேன். ஒரு நாள் ஆபீசில் அவசரமாக அரை டம்ளர் தண்ணீரில் கலக்கிக் குடித்தேன். தொண்டைக்குக் கீழே போய் அப்படியே உட்கார்ந்துவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் இறங்கவில்லை. பத்து நிமிஷம் பக்கத்து சீட் பெண் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். முழு டம்ளர் தண்ணீர், கலக்கியதும் குடித்துவிட வேண்டும், மேலே இன்னொரு டம்ளர். விழுங்குவதில் சிரமம் உள்ள வயதானவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, மாத்திரை. அம்மா காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறவர். நான் புத்திசாலித்தனமாக அதோடு சேர்த்தே இசப்கோலையும் கொடுத்துவந்தேன். அடுத்த பரிசோதனையில் டிஎஸ்ஹெச் எகிறியிருந்தது, அதாவது தைராய்டு மருந்து உடம்புக்குப் போதவில்லை. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன்னால், "காலைல மாத்திரையோட வேற என்னம்மா குடிக்கிறீங்க?" என்று கேட்டாரோ, பிழைத்தோம். கொழகொழ நார் குளுக்கோஸை மட்டும் பிடித்து வைப்பதில்லை, மாத்திரையையும் பிடித்து வைக்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், தைராய்டு மாத்திரைக்கு இன்னும் கூடுதலாக இருந்தால் நல்லது. இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டே நாரைக் கூட்ட வேண்டும். சாப்பாட்டுச் சர்க்கரை மெதுவாக ஏற, மருந்து மட்டும் பழைய வேகத்தில் வேலை செய்தால், லோ சுகர் ஆகிவிடும்.

தம்பியின் கொன்ஜாக் பொடியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். குளுக்கோமன்னன் என்ற அந்த நார், கெட்டியாவதில் எல்லோருக்கும் அண்ணன். நம் சேனைக்கிழங்கின் நெருங்கிய உறவுக் கிழங்கிலிருந்து வருவது. ஆனால் நம் சேனையில் பெரும்பாலும் மாவுச்சத்துதான், ஏமாற வேண்டாம். இசப்கோலின் தொண்டைச் சிக்கல் இதில் இன்னும் அதிகம். கொன்ஜாக் ஜெல்லி மிட்டாய்கள் தொண்டையில் அடைத்து உயிர்ப்பலி ஆனதால் 2000-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் தடை போட்டார்கள். விலையோ நம் மளிகைக் கணக்கில் அடங்காது. இசப்கோல் செய்யாத எதை இது எனக்குச் செய்துவிடப் போகிறது?

ஓட்ஸைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அதிலுள்ள பீட்டா-குளுக்கன் என்ற கொழகொழ நார் நல்ல சரக்குதான். ஆனால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும் என்று சொல்லிக்கொள்ள, ஒவ்வொரு 30 கிராம் மாவுச்சத்துக்கும் 4 கிராம் பீட்டா-குளுக்கன் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. சாதாரண ஓட்ஸில் அந்த அளவு மாவுச்சத்துக்கு ஏறக்குறைய 2 கிராம்தான் வரும். அதிலும் மசாலா பாக்கெட்டில் வரும் இன்ஸ்டன்ட் ஓட்ஸ் மெலிந்து நொறுங்கியது, சீக்கிரம் செரித்துவிடும். இட்லிக்குப் பதிலாகச் சாப்பிடலாம், மருந்தாக நினைக்க வேண்டாம்.

சிறுதானியத்திலும் அப்படி ஒரு மயக்கம் உண்டு. நூறு கிராம் கேழ்வரகில் 11 கிராம் நார், வெள்ளை அரிசியில் 3-க்கும் குறைவு. ஆனால் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் கேழ்வரகும் மளமளவென்று ஏறும். நான் மேலே சொன்ன அதே நாடு தழுவிய ஆய்வின் உணவுப் பகுதி 2025-ல் வந்தது. அதன்படி நம் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமை மாவு, சிறுதானிய மாவு என்று மாற்றிக்கொண்டதால் மட்டும் சர்க்கரை நோய் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தின் மொத்த அளவு குறைந்து, அந்த இடத்தில் பருப்பு, பால் போன்ற புரதம் வந்தால் குறைகிறது. எனக்கு ஒரு கிளினிக்கில் கொடுத்த அச்சடித்த தாளில் "இரவு: சப்பாத்தி 4" என்று இருந்தது. நான் தினமும் சாப்பிட்டதே இரண்டு தோசை.

இதுவரை பேசியதெல்லாம் முதல் வேலை, ஏற்றத்தைத் தணிப்பது. எனக்கு முக்கியம் இரண்டாவது. என் பிரச்சினை இன்சுலின் இல்லாதது இல்லை, இருக்கிற இன்சுலினை உடம்பு சட்டை செய்யாதது. இந்த இடத்தில் இசப்கோல் சுமார்தான். அது பெருங்குடலில் அதிகம் புளிப்பதில்லை, போட்டபடியே வெளியேறிவிடுகிறது. மலச்சிக்கலுக்கு அது உதவுவதும் அதனால்தான். பாக்டீரியாக்களுக்குத் தீனி வேண்டுமென்றால் பயறும், காய்கறியும், ஆறிப்போன சோறும்தான். செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் மாவுச்சத்தை நாளுக்கு 30 கிராம் வீதம் நாலு வாரம் கொடுத்தபோது இன்சுலின் உணர்திறன் கூடியதாக 2005-ல் பிரிட்டனில் ஒரு சிறு ஆய்வு சொன்னது. கொழகொழப்பே இல்லாத ஓட்ஸ் உமி நாரை ரொட்டியில் சேர்த்துக் கொடுத்தபோதுகூட, மூன்றே நாளில் 8 சதவீதம் முன்னேற்றம் கண்டதாக 2006-ல் ஜெர்மனியிலிருந்து இன்னொன்று. அது ஏன் என்று நான் படித்தவரை யாரும் திருப்தியாகச் சொல்லவில்லை.

பழைய சோற்றுக்கு ஆதரவாக இதை எடுத்துக்கொள்ளலாமா? சோறு ஆறும்போது கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத வடிவத்துக்கு மாறுவது உண்மை. ஆனால் 30 கிராம் சேர வேண்டுமென்றால் ஒரு அண்டா பழைய சோறு சாப்பிட வேண்டும். ஒரு கிண்ணம் சாப்பிடுங்கள், சின்ன வெங்காயத்தோடு. ஆனால் அதைச் சோற்றுக் கணக்கிலேயே எழுதுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் நடந்து 2000-ல் வெளியானது. பதின்மூன்று சர்க்கரை நோயாளிகள், ஆறு வாரம் நாளுக்கு 24 கிராம் நார், ஆறு வாரம் 50 கிராம். பொடி, மாத்திரை எதுவும் கிடையாது, காயும் பழமும் தானியமும் மட்டும். 50 கிராம் சாப்பிட்டபோது நாள் முழுதும் அளந்த சர்க்கரை 10 சதவீதம் குறைவு, இன்சுலின் 12 சதவீதம் குறைவு. குறைந்த இன்சுலினிலேயே சர்க்கரையும் குறைந்திருக்கிறது. நான் தேடிக்கொண்டிருந்தது அந்த வரியைத்தான்.

நமக்கு ஐ.சி.எம்.ஆர் சொல்வது 2000 கலோரிக்கு 30 கிராம். அதை டப்பா வழியாக எட்ட முடியாது, பயறு வழியாக முடியும். கறுப்புக் கொண்டைக்கடலையில் நூறு கிராமுக்கு 25 கிராம் நார், பச்சைப்பயறில் 17. நாம் சாம்பாருக்குப் போடும் துவரம்பருப்பு தோல் போனது, அதில் 9. ஒரு கைப்பிடி கொண்டைக்கடலை, 30 கிராம், ஊறி வெந்தால் ஒரு கிண்ணம் சுண்டல். 7 கிராம் நார் அதிலேயே வந்துவிடுகிறது, புரதம் இலவசம். இன்னொரு லாபமும் உண்டு. காலையில் பயறு வகை சாப்பிட்டால் மதியச் சாப்பாட்டின் ஏற்றமும் தணிகிறது என்று 1982-ல் ஜென்கின்ஸ் குழுவே எழுதியது. அப்படியென்றால் மாலை நாலு மணிச் சுண்டல் இரவு தோசைக்கும் கொஞ்சம் காவல் காக்கும் என்று நான் கணக்குப் போட்டுக்கொள்கிறேன்.

குறை? வாயு. முதல் வாரம் ஆபீஸ் லிஃப்டில் நான் தனியாகத்தான் போனேன். கால் கிண்ணத்தில் தொடங்கி மெல்லக் கூட்டினால், இரண்டு மூன்று வாரத்தில் குடல் பழகிக்கொள்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பயறை டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

இப்போது எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படி. எனக்குத் தினமும் நாலு மணிக்குச் சுண்டல், ஆபீஸ் வாசல் பஜ்ஜிக்குப் பதிலாக. மதியம் முதலில் பொரியலும் கீரையும், அப்புறம்தான் சோறு, அதுவும் ஒரு கரண்டி குறைவாக. இசப்கோல் கைப்பைக்குப் போய்விட்டது. கல்யாணச் சாப்பாடு, ஹோட்டல் மீல்ஸ் என்று சோறு கைமீறும் நாட்களுக்கு மட்டும், இரண்டு டம்ளர் தண்ணீர் கிடைக்கும் என்று உறுதியானால் மட்டும். ஃபாஸ்டிங்கும் ஏறி, மலச்சிக்கலும் இருந்து, மாத்திரை அதிகமில்லாதவராக நான் இருந்திருந்தால் அதையே தினமும் எடுத்திருப்பேன்.

அம்மாவுக்கு இசப்கோல் கிடையாது. அவருக்கு ஆறு மாத்திரை, இடைவெளி கணக்குப் போட்டு மாளாது. வெந்தயமே போதும், ஆனால் விதையோடு, அரைத்து, மதிய மோரில். டாக்டரிடமும் சொல்லியாயிற்று. முதல் நாள் முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு, "இதுக்குத் தண்ணியே தேவலாம்" என்றார். கொன்ஜாக் டப்பாவைத் தம்பி வந்தால் எடுத்துக்கொண்டு போகட்டும்.

அடுத்த ஹெச்பிஏ1சி வைகாசியில். சுண்டலுக்கு ஒரே ஒரு தொல்லைதான், முந்தின இரவே ஞாபகம் இருக்க வேண்டும். இதை எழுதிக்கொண்டிருந்ததில் இன்றைக்கு ஊறப்போடவில்லை.